ஊசியும் நூலும் ஒரு குட்டி வேற்றுக்கிரகவாசியும்

(எமது சங்கத்தின் மகளிர் பகுதி நடத்திய கைப்பணி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



"கைவேலையைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் கதையுங்கோ" என்று என்னைக் கேட்டபோது, மேசை விரிப்பு, தலையணை உறை, லேஸ் என்றுதான் நான் பேசப்போகிறேன் என நீங்கள் எண்ணியிருப்பீர்கள். இன்று நான் கொண்டு வந்திருப்பது இந்த ஆளை. பச்சை நிறம். உடம்பை விடப் பெரிய தலை. புளியங்கொட்டை மாதிரி இரண்டு கறுத்தக் கண். உச்சியில் இரண்டு கொம்பு. உயரம் ஏறக்குறைய 11 செ.மீ. இவர் வேறொரு கிரகத்திலிருந்து வந்தவர். இங்கத்தைப் பிள்ளையள் இவரை 'ஏலியன்' என்று சொல்லுவினம். குறோசே ஊசியால் பின்னி, உள்ளுக்குப் பஞ்சு அடைத்துச் செய்தது. பேச்சு முடிந்த பிறகு எடுத்துப் பாருங்கோ.

சிலர் சிரிக்கிறீர்கள். அறுபத்தெட்டு வயதில் இவவுக்கு ஏன் இந்த விளையாட்டு என்று கேட்கலாம். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். இந்தப் பொம்மை பெரிய காரியமில்லை. ஆனால் இதைச் செய்து முடிக்க எடுக்கிற நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் பேரப்பிள்ளை எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்; தமிழில் கதைக்கும். பொம்மை ஒரு சாட்டு. அந்தச் சாட்டை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குறோசேயின் கதை

முதலில் இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம். குறோசே என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கொளுக்கி என்று பொருள். நிட்டிங் வேலைக்கு இரண்டு ஊசி வேண்டும். இதற்கு நுனியில் கொளுக்கி உள்ள ஒரே ஒரு ஊசி போதும். நிட்டிங்கில் ஊசி முழுக்கக் கண்ணிகள் வரிசையாக நிற்கும். ஊசி நழுவினால் எல்லாம் நழுவும். குறோசேயில் எந்த நேரமும் ஊசியில் நிற்பது ஒரு கண்ணிதான். பஸ் வந்தால் அப்படியே பைக்குள் வைக்கலாம். குழந்தை அழுதால் அப்படியே போட்டுவிட்டு எழும்பலாம். எங்களைப் போன்ற பெண்களுக்கென்றே கண்டுபிடித்த வேலை மாதிரி.

எங்களுக்கு முன்னமே இந்த ஊசியை நம்பிச் சீவித்த மக்கள் இருக்கிறார்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதை விடக் கூடிய தொகையினர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அந்த நாட்களில் கன்னியாஸ்திரிகளும் உதவி செய்ய வந்த பெண்களும் ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறோசே லேஸ் பின்னப் பழக்கினார்கள். அந்த லேஸ் விற்ற காசில் குடும்பங்கள் கஞ்சி குடித்தன. கப்பல் காசு சேர்த்தவர்களும் உண்டு. ஐரிஷ் குறோசே என்று இன்றைக்கும் புகழோடு சொல்லப்படுகிற அந்த அழகான வேலைக்குப் பின்னால் இருப்பது பசி.

இன்னொன்றும் சொல்லவேணும். நிட்டிங்குக்கு இயந்திரம் வந்து பல காலமாகிவிட்டது. நீங்கள் போட்டிருக்கிற சுவெற்றர் பெரும்பாலும் இயந்திரம் பின்னியது. ஆனால் குறோசேயை அப்படி அச்சொட்டாகப் பின்னுகிற இயந்திரம் ஆலைகளுக்கு வரவில்லை. கடையில் மலிவு விலையில் தொங்குகிற குறோசே சட்டையைக் கண்டால், எங்கேயோ ஒரு பெண் இருந்து கையால் பின்னியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கோ. அவளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்பதையும் நினையுங்கோ.

எங்கட ஊரில் எங்களுக்குத் தையல் பாடத்தோடு இது வந்தது. 1990இல் பொருளாதாரத் தடை தொடங்கினபோது கடைகளில் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. நூலை ஆர் தேடினது! நான் என்ர கலியாணத்துக்குப் பின்னின மேசை விரிப்பைக் குலைத்து, அந்த நூலால் குழந்தைக்குத் தொப்பி பின்னினேன். குறோசேயின் பெரிய குணம் அது. வெட்டித் தைத்த துணியைத் திரும்பத் துணியாக்க ஏலாது. பின்னினதைக் குலைத்தால் நூல் முழுதாகக் கைக்கு வரும்.

குறோசேயால் பொம்மை செய்யும் இந்த முறை ஜப்பானிலிருந்து பரவியது. 'அமிகுறுமி' என்று அவர்கள் சொல்லுவார்கள். பின்னல் என்பதற்கு அவர்களுடைய சொல்லையும் பஞ்சடைத்த பொம்மை என்பதற்கு அவர்களுடைய சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தப் பக்கமெல்லாம் நன்றாகப் பரவிவிட்டது. இன்று நூலகத்திலும் இதற்குப் புத்தகம் எடுக்கலாம்.

ஏன் வேற்றுக்கிரகவாசி?

முயல் செய்யலாம், கரடி செய்யலாம், யானை செய்யலாம். ஏன் இவர்? காரணம் சுகமானது. யானை பின்னினால் அது யானை மாதிரி இருக்கவேணும். தும்பிக்கை கொஞ்சம் கட்டையாகப் போனால் பன்றி என்று பிள்ளை அழும். வேற்றுக்கிரகவாசியை ஆரும் கண்டதில்லை. ஒரு கண் மேலே ஏறினாலும், மூன்று கண் வைத்தாலும், கை ஒன்று நீண்டாலும் "இது பிழை" என்று சொல்ல ஆளில்லை. "அவையின்ர ஊரிலை அப்பிடித்தான்" என்று சொன்னால் முடிந்தது. முதன்முதல் ஊசி பிடிக்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை விட நல்ல ஆள் கிடையாது.

அந்த 'ஏலியன்' என்ற சொல்லும் எங்களுக்குப் புதிதல்ல. சட்டத்தில் அதற்கு அந்நியர் என்றுதான் பொருள். 1905இல் இந்த நாட்டுப் பாராளுமன்றம் ஏலியன்ஸ் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத மக்களின் வருகையைக் கட்டுப்படுத்துவதே அதன் முக்கிய நோக்கம். அமெரிக்காவில் இருக்கிற எங்கட சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கோ. குடிவரவுக் கடதாசிகளில் அவர்களுக்கு 'ஏலியன் நம்பர்' என்று ஒன்று இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின்படி பொதுநலவாய நாட்டவர் ஏலியன் அல்லர். இலங்கையும் பொதுநலவாய நாடு. ஆகவே சட்டப்படி நாங்கள் இங்கே ஏலியன் இல்லை. ஆனால் 1985இல், பொதுநலவாய நாட்டவருக்கு விசா கட்டாயம் என்று இந்த நாடு முதலில் விதித்தது இலங்கையருக்குத்தான். பெயர் தராமலே கதவைச் சாத்தினார்கள். இவர் பரவாயில்லை, விசா இல்லாமல் வந்து என்ர மேசையில் இருக்கிறார்.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதுங்கோ. புத்தாண்டு மலரிலும் இது வரும்.

தேவையானவை: டீ.கே. தடிப்புள்ள பச்சை நூல் 50 கிராம் பந்து ஒன்று. அக்ரிலிக் நல்லது, கழுவலாம். பருத்தியும் நல்லது. 3 மி.மீ. குறோசே ஊசி. நூல் பந்தின் சுற்றுத்தாளில் 4 மி.மீ. என்று போட்டிருக்கும். அது சட்டைக்கு. பொம்மைக்குச் சின்ன ஊசியால் இறுக்கிப் பின்னவேணும். இல்லாவிட்டால் ஓட்டையால் பஞ்சு எட்டிப் பார்க்கும். கழுவக்கூடிய பொலியெஸ்ரர் பஞ்சு. கண்ணுக்குக் கறுப்பு நூல் கொஞ்சம். மொட்டை நுனியுள்ள கம்பளித் தையல் ஊசி ஒன்று. அடையாளத்துக்கு வேறு நிற நூல் துண்டு ஒன்று. ஊசியும் நூலும் சரிற்றிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிரித்தானியப் புத்தகத்தில் 'டபிள் குறோசே' என்று இருப்பதும் அமெரிக்கப் புத்தகத்தில் 'சிங்கிள் குறோசே' என்று இருப்பதும் ஒரே கண்ணிதான். யூரியூப்பில் வருகிறவை பெரும்பாலும் அமெரிக்க முறை. பார்க்கத் தொடங்குமுன் எந்த நாட்டு முறை என்று கவனித்துக்கொள்ளுங்கோ. இந்தப் பொம்மைக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு கண்ணிதான். நான் அதைச் சும்மா 'கண்ணி' என்றே சொல்கிறேன்.

கண்ணி போடுவது இப்படி: கீழே உள்ள கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலைக் கொளுவி வெளியே இழுங்கோ. இப்போது ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைக் கொளுவி இரண்டுக்குள்ளாலும் ஒரேயடியாக இழுங்கோ. ஒரு கண்ணி முடிந்தது. ஒரே கண்ணிக்குள் இரண்டு போட்டால் 'கூட்டல்'. இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கினால் 'குறைத்தல்'. இவ்வளவும் தெரிந்தால் போதும்.

தலையும் உடம்பும் ஒரே துண்டு. இரண்டு சங்கிலி போட்டு, முதற் சங்கிலிக்குள் 6 கண்ணி போடுங்கோ. அது முதலாம் சுற்று. பிறகு வட்டமாகவே சுற்றிச் சுற்றிப் போகவேணும்.

2ஆம் சுற்று: ஒவ்வொன்றிலும் கூட்டல். 12 கண்ணி.
3ஆம் சுற்று: 1 கண்ணி, 1 கூட்டல்; இப்படி 6 தடவை. 18.
4ஆம் சுற்று: 2 கண்ணி, 1 கூட்டல், 6 தடவை. 24.
5ஆம் சுற்று: 3 கண்ணி, 1 கூட்டல், 6 தடவை. 30.
6ஆம் சுற்று: 4 கண்ணி, 1 கூட்டல், 6 தடவை. 36.
7 முதல் 12 வரை: மாற்றமில்லை. ஒவ்வொரு சுற்றும் 36.
13ஆம் சுற்று: 4 கண்ணி, 1 குறைத்தல், 6 தடவை. 30.
14ஆம் சுற்று: மாற்றமில்லை. 30.
15ஆம் சுற்று: 3 கண்ணி, 1 குறைத்தல்; 6 தடவை. 24.
16ஆம் சுற்று: 2 கண்ணி, 1 குறைத்தல், 6 தடவை. 18.

இந்த இடத்தில் நிற்பாட்டி, 9ஆம் சுற்றுக்கும் 12ஆம் சுற்றுக்கும் இடையில் கறுப்பு நூலால் கண்ணைத் தையுங்கோ. தலைக்குள் பஞ்சை அடையுங்கோ. ஒரேயடியாகத் திணிக்காமல் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து அடைத்தால் கட்டி கட்டியாக வராது.

17ஆம் சுற்று: 1 கண்ணி, 1 குறைத்தல், 6 தடவை. 12. இது கழுத்து.
18ஆம் சுற்று: 1 கண்ணி, 1 கூட்டல், 6 தடவை. 18.
19ஆம் சுற்று: 2 கண்ணி, 1 கூட்டல், 6 தடவை. 24.
20 முதல் 25 வரை: மாற்றமில்லை. ஒவ்வொரு சுற்றும் 24.
26ஆம் சுற்று: 2 கண்ணி, 1 குறைத்தல், 6 தடவை. 18.
27ஆம் சுற்று: 1 கண்ணி, 1 குறைத்தல், 6 தடவை. 12. உடம்புக்குப் பஞ்சு அடையுங்கோ. கழுத்துக்குள் கொஞ்சம் கூட வையுங்கோ, இல்லாவிட்டால் தலை சாயும்.
28ஆம் சுற்று: குறைத்தல் 6 தடவை. 6. நூலை வெட்டி, ஆறு கண்ணிக்குள்ளாலும் கோர்த்து இழுத்து முடியுங்கோ.

கை இரண்டு: 6 கண்ணியில் தொடங்கி, கூட்டாமல் குறைக்காமல் மொத்தம் 8 சுற்று. கால் இரண்டு: 6 கண்ணி, இரண்டாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்று கூட்டி 9, பிறகு 9 ஆகவே 5 சுற்று. காலுக்கு மட்டும் பஞ்சு. கொம்புக்கு 7 சங்கிலி போட்டு, ஊசிக்குப் பக்கத்துச் சங்கிலியை விட்டுவிட்டு மற்ற ஆறிலும் ஒவ்வொரு கண்ணி போட்டுத் திரும்புங்கோ. எல்லாவற்றையும் நூல்வால் விட்டு வெட்டி, இறுக்கித் தையுங்கோ.

தலையும் உடம்பும் 678 கண்ணி. கையும் காலும் சேர்த்தால் 894. நான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றின் முதற் கண்ணியிலும் அந்த வேறு நிற நூலைச் செருகி வைத்தால் சுற்று தவறாது.

பழக்குகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். வலக்கைக்காரப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கோ. இடக்கைக்காரப் பிள்ளையை எதிரே இருத்துங்கோ; கண்ணாடியில் பார்க்கிற மாதிரி உங்களைப் பார்த்துச் செய்யும். கையை மாத்து என்று மட்டும் சொல்லாதையுங்கோ. அந்தக் காலம் போய்விட்டது. முதற் பழக்கத்துக்குத் தடித்த நூலும் 5 மி.மீ. ஊசியும் கொடுங்கோ. பின்னுவது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியவேணும்.

கணக்குக்கு இது நல்லது

"இதிலை மினக்கெடுற நேரம் ரியூசனுக்குப் போகலாமே" என்று யோசிக்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன எண்களைப் பாருங்கோ. 6, 12, 18, 24, 30, 36. அது ஆறாம் வாய்ப்பாடு. சுற்றுக்கு 6 கூட்டினால் பின்னல் தட்டையான வட்டமாக விரியும். கூட்டாமல் விட்டால் குழாயாக எழும்பும். குறைத்தால் மூடும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி 6, 12, 24, 48, 96 என்று போனால் விளிம்பு இடம் போதாமல் சுருண்டு கோவா இலை மாதிரி நெளியும். அந்த நெளிவுக்குள்ளும் பெரிய கணிதம் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், லத்வியா நாட்டிலிருந்து போன தைனா தைமினா என்ற கணித ஆசிரியை, கடதாசியில் செய்து காட்டக் கஷ்டப்பட்ட அதிபரவளையத் தளத்தைக் குறோசேயால் பின்னி மாணவர் கையில் கொடுத்தார். அவ பாவித்ததும் இதே மாதிரி ஊசியும் நூலும்தான்.

மொழிக்கு இது அவசியம்

ஆனால் எனக்குக் கணக்கை விட மொழிதான் முக்கியம். என்ர பேத்திக்கு எட்டு வயது. தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமை தவறாமல் போகிறாள். பாட்டுப் பாடுவாள், பேச்சுப் போட்டியில் பரிசும் எடுத்தவள். ஆனால் வீட்டில் நான் தமிழில் ஒன்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். உங்கட வீடுகளிலும் இதுதான் நிலை என்று தெரியும். "சாப்பிட்டியா, குளிச்சியா, படிச்சியா" என்ற மூன்று கேள்விக்கு மேல் எங்களுக்கும் பிள்ளைக்கும் கதை இல்லாமல் போய்விடுகிறது. அந்த மூன்றுக்கும் 'யெஸ்' என்ற ஒரு சொல் போதும்.

ஊசியைக் கையில் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. கூட்டு, குறை, இழு, இறுக்காதை, தளத்து, குலை, கோர், முடிச்சுப் போடு, உள்ளுக்காலை விடு, வெளியாலை எடு. இந்தச் சொற்களெல்லாம் புத்தகத்தில் இருந்தாலும் பிள்ளையின் நாவுக்கு வருவது வேலை செய்யும்போதுதான். பாடத்தில் மனனம் செய்த சொல் பரீட்சையோடு போகும். கையோடு பழகின சொல் போகாது. இப்போது அவள் கண்ணியைத் தமிழில்தான் எண்ணுகிறாள். நான் தமிழில் எண்ணிக் காட்டினதால் அவளுக்கு அது அந்த வேலையின் ஒரு பகுதியாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதப் பிள்ளைக்குப் பழக்கும்போதும் "பதினெட்டு, இருபத்துநாலு" என்று எண்ணினாளாம். அந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் இப்போது முப்பத்தாறு மட்டும் எண்ணுமாம்.

இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கோ. இவருக்குக் கழுத்துப் பின்னிக்கொண்டிருந்த நேரம் பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, இவர் ஏன் தன்ர கிரகத்தை விட்டு இஞ்ச வந்தவர்?"

"அங்கை சண்டை, பிள்ளை."

"என்ன கொண்டு வந்தவர்?"

"ஒரு பை."

"நடந்தோ வந்தவர்?"

கேள்விகள் வந்துகொண்டேயிருந்தன. கண் பின்னலில் இருந்ததால் நானும் அவளின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்துப் பக்கம் ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம். சைக்கிளில் மூட்டை, மூட்டைக்கு மேலே கிழவி. பிள்ளைகளின் கையை விட்டால் போச்சு. "உங்கட அம்மாவுக்கு அப்ப எட்டு வயது. உன்ர வயது" என்றேன்.

அடுப்படியில் நின்ற என் மகள் வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். "அண்டைக்கு என்ர செருப்பு ஒண்டு சேத்துக்குள்ள போட்டுது. நான் அழுதா நீங்கள் நிப்பியள் எண்டு சொல்லேல்லை" என்றாள். முப்பது வருஷமாக எனக்கு அந்தச் செருப்புக் கதை தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டிலே இருக்கிறோம், தினமும் கதைக்கிறோம், அந்த இரவைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இவருக்கு ரெண்டு செருப்புப் பின்னுவம்" என்றாள். வடிவாகப் பாருங்கோ, இவருடைய காலில் சிவப்புச் செருப்பு இருக்கிறது. 6 கண்ணியும் இரண்டு சுற்றும். அது அவளின் சொந்தக் கணக்கு. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கட பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லவேணும் என்று மேடையில் எத்தனையோ தரம் பேசிவிட்டோம். பிள்ளையை முன்னுக்கு இருத்தி "கேள், சொல்லுறன்" என்றால் பிள்ளை போனைப் பார்க்கும். எங்களுக்கும் தொண்டை அடைக்கும். கை வேலையாக இருந்தால் கண்ணுக்குக் கண் பார்க்கத் தேவையில்லை. சொல்லக் கஷ்டமான இடத்தில் இரண்டு கண்ணி பின்னிவிட்டுத் தொடரலாம். கேட்கிற பிள்ளையும் தான் விரும்பின கேள்வியைத் தன் வேகத்தில் கேட்கும். ஊரிலே அம்மாமார் முருங்கையிலை உருவும்போதும் தேங்காய் துருவும்போதும் எங்களுக்குக் கதை சொன்னது இப்படித்தான். இங்கே துருவின தேங்காய் பக்கற்றில் வருகிறது. ஆகவே வேறு வேலை தேடவேண்டியிருக்கிறது.

பாதுகாப்பும் விற்பனையும்

முடிக்குமுன் இரண்டு அவசியமான விஷயம்.

முதலாவது, குழந்தைப் பாதுகாப்பு. பொம்மைக் கண் என்று கடையில் பிளாஸ்ரிக் கண் விற்கிறார்கள். பின்பக்கம் வில்லை போட்டு இறுக்குவது. அதற்கு 'சேவ்ற்றி ஐஸ்' என்று பெயர் இருந்தாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டாம். குழந்தை கடித்து இழுத்தால் கழன்று தொண்டைக்குள் போகலாம். தெறி, மணி, பாசி ஒன்றும் தைக்காதையுங்கோ. நூலால் தைத்த கண்தான் நல்லது. கொம்பையும் கையையும் தைத்த பிறகு பலமாக இழுத்துப் பாருங்கோ. உங்கட கைக்குக் கழருகிறது என்றால் குழந்தையின் வாய்க்கும் கழரும். தொட்டிலுக்குள் நித்திரைப் பிள்ளையோடு இதை வைக்கவேண்டாம்.

இரண்டாவது, இவற்றைச் செய்து புத்தாண்டு விழாவில் விற்றுச் சங்கத்துக்கு நிதி சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். எண்ணம் நல்லது. ஆனால் இந்த நாட்டில் 2011ஆம் ஆண்டின் விளையாட்டுப் பொருட் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுகிற பொருளை விற்பனைக்கு வைப்பதானால், அது வீட்டில் கையால் செய்ததாக இருந்தாலும், உரிய சோதனைகளைச் செய்து சி.ஈ. அல்லது யு.கே.சி.ஏ. குறி போடவேணும். எங்கட பேரப்பிள்ளைக்கு நாங்கள் செய்து கொடுப்பதற்கு அந்தக் குறி தேவையில்லை. விற்பதென்றால் ஒழுங்காகச் செய்யவேணும். மற்றது, 894 கண்ணிக்கு என்ன விலை சொல்லப்போகிறீர்கள்? கடைப் பொம்மையின் விலையைக் கேட்பார்கள். எங்கட கைவேலையை நாங்களே மலிவாக்கக் கூடாது. என்ர அபிப்பிராயம், இதை விற்கவேண்டாம், பழக்குவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஊசி, ஒரு பந்து நூல். அதற்குச் சங்கம் செலவழித்தால் அந்தக் காசு வீண்போகாது.

இந்த மண்டபத்தில் இருக்கிற அம்மம்மாமார், அப்பம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பார்க்க என்று கூப்பிட்டு, இப்போது அவர்கள் வளர்ந்த பிறகு பகல் முழுக்கத் தனிய யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். "எனக்கு இங்கிலீசு தெரியாது, நான் என்னத்தைப் பழக்கிறது" என்று சொல்லாதையுங்கோ. உங்களுக்கு இங்கிலீசு தெரியாததுதான் பிள்ளைக்கு லாபம். உங்களோடு கதைக்கவேணும் என்றால் அது தமிழில்தான் கதைக்கவேணும். ஐயாமாரும் வரலாம். மீன்பிடி வலை பின்னின கை குறோசே ஊசியையும் பிடிக்கும். கண் மங்கல் என்றால் தடித்த நூல் எடுப்போம். விரல் வலி என்றால் பிடி தடித்த ஊசி கிடைக்கும்.

சித்திரை விடுமுறை முடிந்ததும், தமிழ்ப் பள்ளி நடக்கும் சனிக்கிழமைகளில் பின்னறையில் நான் இருப்பேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு காருக்குள் காத்திருக்கிற பெற்றோரும் உள்ளே வரலாம். பழைய நூல் வீட்டில் கிடந்தால் கொண்டுவாருங்கோ. பச்சை என்றில்லை, எந்த நிறமும் சரி. வேறு கிரகத்து ஆளுக்கு நிறம் ஒரு பொருட்டல்ல.